தாய்வீட்டுக்குப் போன பச்ச உடம்புக்காரிய யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம மாநிலத்துல நூத்துக்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குதுன்னு பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, அது உண்மைதான், பெருமைதான், நான் மறுக்கல. நான் மதுரைக்கு மேக்க உள்ள கிராமங்கள்ல கிராம சுகாதார செவிலியரா, ஊருக்காரங்க கூப்பிடுற மாதிரி சொன்னா நர்ஸம்மாவா, ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. அரிக்கேன் லைட்டு வெளிச்சத்துல வீட்டுல பிரசவம் பாத்த காலமும் தெரியும், இப்ப 108 வந்து ஏத்திட்டுப் போற காலமும் தெரியும். பிரசவம் எங்க நடக்குதுங்கறத மட்டும் பாத்துட்டு நாம திருப்தி ஆயிட்டோம். அது முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணு எந்த ஊருக்குப் போறா, அங்க அவள யாரு பாக்குறாங்கன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம்னா ரெண்டு மூணு நாள், சிசேரியன்னா ஒரு வாரம் வரைக்கும் வச்சிருந்து அனுப்புறாங்க, 2011-ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல அந்த நாள் வரைக்கும் சாப்பாடு, மருந்து, வீட்டுக்குப் போற வண்டி எல்லாம் இலவசம். பெட்டு பத்தலேன்னா அதுக்கு முன்னாடியே அனுப்பிருவாங்க அது வேற விஷயம். குழந்தைக்கு பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை தடுப்பூசி எல்லாம் போட்டு, கையில பரிசுப் பெட்டகமும் குடுத்து, வண்டியில ஏத்தி வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிருவாங்க. இது வரைக்கும் நல்லாத்தான் நடக்குது. ஆனா மூணாம் நாள்லேருந்து ஒரு வாரம் என்ன நடக்கும்னு பாருங்க. அப்பத்தான் தாய்க்குப் பால் எறங்கி மார்பு கல்லு மாதிரி கட்டும். அப்பத்தான் குழந்தைக்கு மஞ்சள் கூடும். தையல் போட்ட எடத்துலயோ கர்ப்பப்பையிலயோ கிருமி புகுந்திருந்தா அப்பத்தான் காய்ச்சல் அடிக்க ஆரம்பிக்கும். பிரசவத்தப்ப எறங்குன பிரஷர் திரும்ப ஏறுறதும் இதே மூணாம் நாள்லேருந்து ஆறாம் நாளுக்குள்ளதான். ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள வரும், அத ஆஸ்பத்திரி பாத்துக்கும். மத்ததெல்லாம் வர்ற நேரத்துல அவ வீட்டுல இருக்கா.

பிரஷர் விஷயத்த மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நான் ரொம்ப பயந்தது இதுக்குத்தான். மாசமா இருக்கும்போது பிரஷர் இருந்தவளுக்கு மட்டும்தான் வரும்னு ஆஸ்பத்திரியிலயே சில பேர் நெனைக்கிறாங்க, அப்படியெல்லாம் இல்ல, பத்து மாசமும் பிரஷர் சரியா இருந்த பொண்ணுக்கும் பிள்ளை பெத்தப்புறம் புதுசா வரலாம், ஆறு வாரம் வரைக்கும் அந்த பயம் உண்டு. அவளுக்கு மொதல்ல வர்றது தலைவலி. வீட்டுல என்ன சொல்லுவாங்க, தலைக்குத் தண்ணி ஊத்துனது சரியா தொவட்டல, நீர் கோத்துக்கிச்சு, சுக்கு அரைச்சுப் பத்து போட்டு படுக்க வைன்னு சொல்லுவாங்க. அடுத்து கண்ணு மங்கலாத் தெரியுதுங்கும், தூக்கமில்லாததால அப்படின்னு சொல்லுவாங்க. அடுத்தது வலிப்புதான். அதுக்கு ஜன்னின்னு ஒரு பேர் வச்சிருக்காங்க, பேய்க்கோளாறுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனவங்களும் உண்டு. இத்தனைக்கும் மூணாம் நாள் ஒரு தடவ, ஏழாம் நாள் ஒரு தடவ கையில பட்டையச் சுத்தி பிரஷர் பாத்திருந்தா போதும், ரெண்டு நிமிஷ வேலை.

இந்த ரெண்டு நிமிஷ வேலை ஏன் நடக்க மாட்டேங்குதுங்கறதுதான் நான் சொல்ல வந்தது. நர்ஸம்மாவுக்குன்னு ஒரு ஏரியா உண்டு, அஞ்சாயிரம் ஜனத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதின்னா மூவாயிரம், அதுதான் கணக்கு. அந்த ஏரியாவுல கர்ப்பமான பொண்ண பதிஞ்சு, பிக்மின்னு சொல்ற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கிக் குடுத்து, மாசாமாசம் ரத்தம் பாத்து, ஸ்கேனுக்கு அனுப்பி, சத்து மாத்திரை குடுத்துன்னு கண்ணும் கருத்துமா பாக்குறா. ஏழாம் மாசமோ ஒம்பதாம் மாசமோ வளைகாப்பு போடுறாங்க. அன்னைக்கே பொண்ணு தாய்வீட்டுக்குக் கெளம்பிருவா. நம்ம ஊர் வழக்கமே அதுதான, தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான். புருஷன் ஊர் தேனியா இருக்கும், அம்மா வீடு அருப்புக்கோட்டையா இருக்கும், பிரசவம் மதுரையில நடக்கும், மூணு எடமும் மூணு மாவட்டம். தேனி நர்ஸம்மாவோட லிஸ்ட்ல அவ இருக்கா, ஆனா ஊர்ல இல்ல. அருப்புக்கோட்டை நர்ஸம்மாவோட ஊர்ல அவ இருக்கா, லிஸ்ட்ல இல்ல. வந்து போறவங்கன்னு விசிட்டரா ஏத்துறதுக்கு கம்ப்யூட்டர்ல வழி இருக்குதான், ஆனா யாராவது சொன்னாத்தான ஏத்துறதுக்கு? அந்தத் தெருவுல ஒரு கொடியில குழந்தைத் துணி காயுறதப் பாத்து, யாரு வீட்டுல பிள்ளைன்னு விசாரிச்சு உள்ள போய்ப் பாத்த நாளெல்லாம் எங்களுக்கு உண்டு. இன்னைக்கும் அதுதான் வழியா?

தேனி நர்ஸம்மா என்ன செய்வா, போன் போட்டு "நல்லா இருக்கியாத்தா, பிள்ளை பால் குடிக்குதா"ன்னு கேப்பா, அவளும் "நல்லா இருக்கேன்க்கா"ன்னு சொல்லுவா, விசிட் முடிஞ்சதுன்னு டேப்ல டிக் ஆயிரும். அந்த நர்ஸம்மாவக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசில்ல. காலியா கெடக்குற பக்கத்து சென்டரையும் அவதான் சேத்து பாக்குறா, சுகர் பிரஷர் கணக்கெடுக்கணும், டெங்கு வேலை, ஊசி முகாம், ராத்திரி உக்காந்து என்ட்ரி போடணும். நாங்க நோட்டுல எழுதுனோம், இவங்க டேப்ல எழுதுறாங்க, அதோட சேத்து நோட்டுலயும் எழுதச் சொல்றாங்க.

எங்க பக்கத்துல பிரசவத்துக்குப் பிந்தின வீட்டு விசிட்டுக்கு ஒரு காலத்துல வேற அர்த்தம் இருந்துச்சு. பெண் சிசுக்கொலையால உசிலம்பட்டின்னு பேர் சொன்னாலே வெளியூர்க்காரங்க ஒரு மாதிரி பாத்த காலம் அது. பொம்பளப் பிள்ளையா பொறந்திருந்தா, அதுலயும் ரெண்டாவது மூணாவதா இருந்தா, முதல் வாரத்துல அந்த வீட்டுப் பக்கம் தெனமும் ஏதாவது சாக்கு வச்சுப் போய் எட்டிப் பாப்போம், பிள்ளை அழுற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு சோறு எறங்கும். வேண்டாம்னு நெனைக்கிற பிள்ளைய அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு சேலத்துல 1992-ல தொட்டில் குழந்தை திட்டம் ஆரம்பிச்சதெல்லாம் அந்த சமயத்துலதான். அந்த பயம் இப்ப இல்ல, ஜனங்க மாறிட்டாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த பயத்தோட சேத்து முதல் வார விசிட்டும் தளந்து போச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். 2020-ம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி (எஸ்.ஆர்.எஸ்) நம்ம மாநிலத்துல ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள 13 குழந்தை இறந்து போச்சு, அந்த 13-ல 9 குழந்தை முதல் 28 நாளுக்குள்ளயே போயிருச்சு. இந்தியா முழுக்க எடுத்தா அந்த வருஷம் ஆயிரத்துக்கு 28, நாம ரொம்ப முன்னாடி இருக்கோம், சரி. ஆனா மிச்சம் இருக்குற சாவு எல்லாம் எங்க குவிஞ்சு கெடக்குதுன்னு அந்த 9 சொல்லுதுல்ல?

தனியார் ஆஸ்பத்திரிக் கதை இன்னும் மோசம். தேசிய குடும்ப நல ஆய்வு அஞ்சாவது ரவுண்டுல நம்ம மாநிலத்துல நூத்துக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியார்ல மட்டும் பாத்தா 64 கிட்ட. இவ்வளவு பேரு வயித்தக் கீறி வீட்டுக்குப் போறாங்க, ஒரு வாரம் கழிச்சு தையலக் காட்ட வாங்கன்னு சீட்டுல எழுதிக் குடுக்குறதோட அவங்க வேலை முடிஞ்சது. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு ஒரு ஊர்ல இப்படித்தான், மயக்கம் தெளிஞ்சு பிள்ளையக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே பால் பவுடர் கரைச்சுக் குடுத்துட்டாங்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது பவுடர் டின்னு பேரும் சீட்டுல இருக்கு. 1992-லயே இதுக்கு சட்டம் வந்தாச்சு, தாய்ப்பாலுக்கு மாத்தா வர்ற பவுடருக்கு விளம்பரம் பண்ணக்கூடாது, ஆஸ்பத்திரி வழியா தள்ளி விடக்கூடாது, சாம்பிள் குடுக்கக்கூடாதுன்னு. யாரு கேக்குறா? சிசேரியன் ஆனாலும் தாய் முழிச்ச உடனே பக்கத்துல ஒருத்தர் புடிச்சுக்கிட்டா பிள்ளைய மார்புல போடலாம், அந்த ஒருத்தரத்தான் அங்க போட மாட்டேங்குறாங்க, நர்ஸ் சம்பளம் மிச்சம்.

பால் பத்தலன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். முதல் ரெண்டு மூணு நாள் வர்ற சீம்பால் ஒரு தடவைக்கு ரெண்டு மூணு ஸ்பூன்தான் இருக்கும், பிள்ளையோட வயிறும் அவ்வளவுதான். முதல் வாரத்துல பிள்ளை எடை கொஞ்சம் எறங்கும், பொறந்த எடையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் எறங்கலாம், ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்துரும். அஞ்சு நாள் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போனா பால் போதுதுன்னு அர்த்தம். இத தராசு வச்சு பாத்து, பக்கத்துல உக்காந்து, பிள்ளை வாயி காம்பை மட்டும் புடிக்குதா இல்ல கருவட்டத்தோட சேத்துப் புடிக்குதான்னு பாத்து சரி பண்ணி விட ஒரு ஆள் வீட்டுக்கு வந்தா பாதி பவுடர் டின் கடையிலயே தூங்கும். போன்ல கேட்டா இது தெரியாது.

வீட்டுப் பெரியவங்கள எல்லாத்துக்கும் திட்டுற கூட்டத்துல நான் இல்ல, அதையும் சொல்லிடுறேன். பச்ச உடம்புக்காரிய ஒரு மாசம் அடுப்படிப் பக்கம் விடாம, சுடுதண்ணி ஊத்தி, பூண்டும் கருவாடும் நாட்டுக்கோழியும் போட்டு உக்கார வச்சு சோறு போடுறது எந்த டாக்டரும் எழுதிக் குடுக்க முடியாத வைத்தியம். தீட்டுன்னு சொல்லி கண்டவங்கள உள்ள விடாம வச்சதுல கூட பிள்ளைக்கு ஒரு நன்மை இருந்துச்சு, இப்ப என்னடான்னா இருமிக்கிட்டே வந்து பிள்ளையத் தூக்கி முத்தம் குடுத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. ஆனா சிலது கண்டிப்பா கூடாது. சேனை வைக்கிறேன்னு சர்க்கரைத்தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் பிள்ளை வாயில படக்கூடாது, ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம். வசம்ப கையில கட்டுறதோட நிறுத்திக்கங்க, உரசி வாயில ஊத்தாதீங்க, கட்டுனதையும் பிள்ளை வாயில வைக்காம பாத்துக்கங்க. குளிப்பாட்டும்போது மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுறது, வாய வச்சு மூக்கு ஊதுறது, இது எல்லாம் நெஞ்சுக்குள்ள போய் நிமோனியாவுல விடும். பொறந்த பிள்ளைக்கு மார்பு லேசா வீங்கி பால் மாதிரி வரும், அது தாயோட ஹார்மோன், தானா வத்திரும், பெருவிரல வச்சுப் பிதுக்குனா சீழ் கட்டி பிள்ளை சீரழிஞ்சுரும். தொப்புள்ல சாம்பல், மஞ்சள், பவுடர், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், காய விட்டா போதும், தானா விழும். மஞ்சள் பாஞ்ச பிள்ளைய காலை வெயில்ல காட்டுறாங்க, லேசான மஞ்சள்னா அது வெயில் காட்டலேன்னாலும் போயிரும், உள்ளங்கால் உள்ளங்கை வரைக்கும் மஞ்சள் எறங்கிருச்சுன்னா எந்த வெயிலும் ஆகாது, ஆஸ்பத்திரியில நீல லைட்டுல வைக்கணும், லேட் ஆனா மூளையில ஏறி காது கேக்காம போற அளவுக்கு விட்டுரும். பிள்ளை பால் குடிக்காம அசந்து கெடந்தா தொக்கம் எடுக்க ஓடாதீங்க, அசந்து கெடக்குறதே பெரிய வியாதி.

தாய்க்கு தண்ணி குடுக்காம வைக்கிறதும் ஒண்ணு இருக்கு, வயிறு பெருத்துரும்னு. ஆபரேஷன் ஆனவளுக்கு பருப்பு குடுத்தா புண்ணு சீழ் வைக்கும்னு அதையும் நிப்பாட்டிருவாங்க. அவ ஒடம்பு ஆறுறதுக்கு அதுதான் வேணும், பால் ஊறுறதுக்கு தண்ணி வேணும். இரும்புச்சத்து மாத்திரை பிள்ளை பொறந்ததோட நிக்கக்கூடாது, பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் போடணும், எத்தன பேருக்கு இது தெரியும்னு உங்க தெருவுல விசாரிச்சுப் பாருங்க.

மனசப் பத்தியும் கேக்கணும். முதல் வாரத்துல காரணமில்லாம அழுவாங்க, ரெண்டு வாரத்துல சரியாயிரும். ரெண்டு வாரத்துக்கு மேலயும் பிள்ளைய வெறிச்சுப் பாக்குறா, தூங்க நேரம் கெடச்சும் தூங்க மாட்டேங்குறா, நான் செத்தா நல்லாருக்கும்னு சொல்றான்னா அது திமிரும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல, வைத்தியம் பண்ண வேண்டிய வியாதி. பத்துக் கேள்வி இருக்கு, எடின்பர்க் கேள்வித்தாள்னு சொல்லுவாங்க, தமிழ்லயும் இருக்கு, கால் மணி நேரம் கூட ஆகாது. மாமியாரும் அம்மாவும் பக்கத்துல நிக்கையில கேட்டா வாய் தொறக்க மாட்டா, பிள்ளைய எடை போடச் சொல்லி அவங்கள அந்தப் பக்கம் அனுப்பிட்டுக் கேக்கணும், அது வீட்டுக்குப் போய்ப் பழகுன நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போய்ப் பாத்தா பலன் உண்டான்னு கேக்குறவங்களுக்கு மகாராஷ்டிராவுல கட்சிரோலி இருக்கு. டாக்டர் அபய் பங், ராணி பங் ரெண்டு பேரும் அங்க உள்ள கிராமங்கள்ல ஊர்ப் பொம்பளைங்களுக்கே பயிற்சி குடுத்து, பிறந்த குழந்தைகள வீட்டுலயே போய்ப் பாக்க வச்சாங்க, பச்சக்குழந்தை சாவு பாதிக்கு மேல கொறஞ்சு போச்சு, 1999-ல அது உலகத்துக்கே தெரிஞ்ச ஆராய்ச்சி. அதப் பாத்துத்தான் ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைய 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்னு ஆறு தடவ ஆஷாங்கற கிராம சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய்ப் பாக்கணும்னு நாடு முழுக்க கொண்டு வந்தாங்க. நம்ம மாநிலத்துல ஆஷா இருக்குறது பெரும்பாலும் மலைவாழ் மக்கள் பகுதியிலயும் எட்டாக்கையில உள்ள ஊர்கள்லயும்தான், மத்த ஊர்ல அந்த ஆறும் நர்ஸம்மா தலையிலதான். ஆஷா வேணுமா வேண்டாமாங்கற சண்டைக்குள்ள நான் போகல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல சொன்னத எடுத்துக்கிட்டா கூட ஆஸ்பத்திரியில கொறஞ்சது 24 மணி நேரம், அப்புறம் ரெண்டு மூணு நாளுக்குள்ள ஒண்ணு, ரெண்டாவது வாரத்துல ஒண்ணு, ஆறாவது வாரத்துல ஒண்ணு, மொத்தம் மூணு தடவதான். ஆறாவது வாரம் பிள்ளைக்கு ஊசி போட எப்படியும் வருவா, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பணத்துக்காகவாவது வருவா. வந்தா பிள்ளைக்கு ஊசி போட்டு அனுப்பிர்றோம், பிள்ளையச் சொமந்துக்கிட்டு நிக்கிறவளுக்கு பிரஷர் பாக்குறோமா, கண்ணு வெளுத்திருக்கான்னு எமையத் தூக்கிப் பாக்குறோமா? ஆக மிச்சம் ரெண்டே ரெண்டு விசிட்தான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. 2017-லேருந்து பிக்மி நம்பர் இல்லாம பிறப்புச் சான்றிதழ் கெடையாது, அப்படின்னா தனியார்ல பெத்தவளும் சரி, கவர்மெண்ட்ல பெத்தவளும் சரி, எல்லாரும் ஏற்கனவே அரசாங்கத்தோட கம்ப்யூட்டர்ல இருக்காங்க. டிஸ்சார்ஜ் சீட்டு போடும்போது இப்ப எந்த ஊருக்குப் போறீங்க, எந்தத் தெரு, யாரு போன் நம்பர்னு ஒரு கட்டம் கட்டாயமா நிரப்பணும், தனியாரா இருந்தாலும் நிரப்பணும். நிரப்புன அன்னைக்கே அந்த ஊர் நர்ஸம்மா டேப்ல அந்தப் பேர் தானா வந்து விழணும், புருஷன் ஊர் நர்ஸம்மா லிஸ்ட்ல நிக்கக்கூடாது. முதல் ரெண்டு விசிட்டுக்கு போன் பேசுனதெல்லாம் கணக்குல வராது, தாயோட பிரஷர், சூடு, பிள்ளையோட எடை மூணையும் போட்டாத்தான் என்ட்ரி முடியணும். சிசேரியன், பிரஷர் இருந்தவ, ரெண்டரை கிலோவுக்குக் கீழ பிள்ளை, இவங்களுக்கு ரெண்டு விசிட் பத்தாது, கூட வேணும். காலியா இருக்குற எடத்துல ஆள் போடாம இத மட்டும் உத்தரவா போட்டா மறுபடியும் டிக் அடிக்கிற வேலையாத்தான் ஆகும்ங்கறதையும் சேத்து எழுதிக்கிறேன், ஆபீசருங்க படிச்சா கோவப்படுவாங்க, பரவால்ல, எனக்கு பென்ஷன் வந்துருச்சு.

எடம் இருந்தா இத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க ஐயா. பிள்ளை பெத்தவளுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுக்க நனையிற ரத்தப்போக்கு, நாத்தமடிக்கிற தீட்டு, காய்ச்சல், தீராத தலைவலி, கண்ணு மங்குறது, ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சு வாங்குறது, இதுல எது இருந்தாலும் சரி; பிள்ளைன்னா பால் குடிக்காம இருக்குறது, வலிப்பு, மூச்சு வேகமா வாங்கி நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குறது, ஒடம்பு சில்லுன்னு ஆகுறது இல்ல சுடுறது, முதல் நாளே மஞ்சள் தெரியுறது, இதுல எது இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம 108-க்கு போன் போடுங்க. சந்தேகம் கேக்குறதுக்கு 104 இருக்கு, எந்த நேரமும் எடுப்பாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.